அகவிலைப்படியும் ‘ஷெர்’ என்ற சொல்லும்

வருஷத்தில் இரண்டு தடவை பத்திரிகையில் ஒரு செய்தி வரும். மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும் அகவிலைப்படி மூன்று சதவீதம் உயர்வு, நான்கு சதவீதம் உயர்வு என்று. செய்தி என்னவோ நாலு வரிதான். தலைப்புதான் பெரிதாக இருக்கும். ‘அரசு ஊழியர்களுக்கு ஜாக்பாட்’ என்பார்கள். தீபாவளி சமயமாக இருந்தால் ‘தீபாவளிப் பரிசு’. அன்று காலை கடற்கரைச் சாலையில் நடக்கப் போனால் எதிரே வருகிற ஒருவராவது, “என்ன சார், உங்க காட்டுல மழைதான்” என்று சொல்லாமல் போகமாட்டார்.

நானும் சிரித்துவிட்டு நடந்துவிடுவேன். நடைப்பயிற்சி நேரத்தில் யாரிடம் போய் விளக்கம் சொல்வது? ஆனால் 1972 முதல் 2010 வரை 38 வருஷம் சம்பளப் பட்டியலில் அந்தக் கட்டத்தை நிரப்பியவன் நான். அந்தச் சொல்லின் அர்த்தம் இவ்வளவு தூரம் மாறிப்போனதைப் பார்க்கும்போது எழுதித் தீர்த்துவிடலாம் என்று தோன்றியது. அகவிலைப்படி என்றால் என்ன? ‘அகம்’ என்றால் உள்ளே, அதனால் உள்நாட்டு விலையோ என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் என்னைவிட அதிகம் படித்தவர். அதனால்தான் இந்தக் கட்டுரை கொஞ்சம் நீளமாகப் போகிறது.

முதலில் பிரெஞ்சிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் விலை அதிகம் என்பதை நான் பள்ளிக்கூடத்தில் படித்தது பிரெஞ்சில்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, பிறகு ஆபீசில் ஆங்கிலம் என்று என்னைப் போல வளர்ந்தவர்கள் புதுச்சேரியில் இன்னும் கொஞ்சம் பேர் இருக்கிறோம். பிரெஞ்சில் விலை அதிகமான பொருளுக்கு ‘ஷெர்’ என்று பெயர். பிரியமானவருக்கும் அதே சொல்தான். கடிதத்தை ‘ஷெர் மிசியே’ என்று தொடங்குவார்கள், நண்பனை ‘மோன் ஷெர்’ என்று தோளில் தட்டுவார்கள், பெரிய மார்க்கெட்டில் மீன் கூடையைப் பார்த்துவிட்டு ‘த்ரோ ஷெர்’ என்று முகத்தைச் சுளிப்பார்கள்.

இந்தச் சொல் எங்களைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. மாம்பழங்கள் ‘ஷெர்’ராக இருக்கின்றன என்று எழுதினால், பெண்பால் பன்மைக்கு ஏற்றபடி சொல்லின் வாலில் எழுத்துகளைச் சேர்க்க வேண்டும். மாம்பழங்கள் ‘ஷெர்’ராக விற்கின்றன என்று எழுதினாலோ ஒன்றும் சேர்க்கக் கூடாது, ஏனென்றால் அங்கே அது வினையைச் சார்ந்து வருகிற சொல். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும். ‘திக்தே’ என்கிற சொல்வதெழுதலில் ஆசிரியர்கள் வேண்டுமென்றே இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைப்பார்கள். அறுபது வருஷம் கழித்தும் மாம்பழம் விலை கேட்கும்போது எனக்கு அந்தச் சிவப்பு மை ஞாபகம் வருகிறது.

இந்த ‘ஷெர்’ருக்கு மூலம் லத்தீன். ‘காருஸ்’ என்றால் அரியது, பிரியமானது, விலை கூடியது எல்லாம்தான். அதிலிருந்து வந்த ‘காரித்தாஸ்’ என்ற சொல்லைக் கத்தோலிக்க நண்பர்கள் அறிவார்கள். அன்பு, தருமம் என்ற அர்த்தத்தில் இன்று தொண்டு நிறுவனத்துக்குப் பெயராக இருக்கிறது. ஆனால் பழைய ரோமாபுரியில் விலையேற்றத்துக்கும் அதே சொல்தான். அந்த ஒரு சொல்லே பிரெஞ்சுக்கு வந்தபோது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று ‘ஷரித்தே’, தருமம். இன்னொன்று ‘ஷெர்தே’, விலையேற்றம். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி. ஒருவன் கோயில் வாசலில் நிற்கிறான், மற்றவன் கடைவீதியில் நிற்கிறான். ஏலத்துக்குப் பிரெஞ்சில் ‘ஆன்ஷேர்’ என்பார்கள், அதுவும் இந்தக் குடும்பம்தான். நொத்தேர் முன்னால் ஒருவர் மேல் ஒருவர் ஏற்றிக் கேட்டு வீட்டின் விலையை ‘ஷெர்’ ஆக்குவது என்று பொருள்.

ஆங்கிலத்தில் ‘டியர்’ என்பதும் இப்படியேதான். டியர் சார் என்று எழுதுகிறோம், அலவன்ஸுக்கு டியர்னஸ் என்கிறோம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆங்கிலம் எனக்குத் தட்டுத்தடுமாறித்தான் வரும். டியர்னஸ் அலவன்ஸ் என்பதைப் பார்த்து, அரசாங்கம் நம்மேல் இவ்வளவு பிரியமாக இருக்கிறதா என்று பக்கத்து மேஜைக்காரரிடம் வேடிக்கையாகக் கேட்டிருக்கிறேன்.

இது என்னவோ வெள்ளைக்காரன் பாஷையின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நம் தமிழில் ‘அருமை’ இருக்கிறதே. ‘அருமை மகனுக்கு’ என்று அப்பா கடிதம் எழுதினால் பிரியம். கிடைப்பது அருமை என்றால் தட்டுப்பாடு. ‘அருவிலை’ என்றால் அதிக விலை, அகராதியில் பார்க்கலாம். வடமொழியிலும் அப்படித்தான். ‘அர்க்கம்’ என்றால் விலை, மதிப்பு. வீட்டுக்கு வந்த பெரியவருக்கும் சூரியனுக்கும் மரியாதையாகக் கொடுக்கும் நீருக்கு ‘அர்க்யம்’. அந்த அர்க்கத்தோடு ‘மகா’ சேர்ந்து ‘மகார்க்கம்’, பெருவிலை. அது இந்தியில் தேய்ந்து ‘மஹங்கா’ ஆயிற்று. டில்லியிலிருந்து வரும் சுற்றறிக்கைகளில் இந்திப் பக்கத்தில் நம் படிக்கு ‘மஹங்காயி பத்தா’ என்று போட்டிருப்பார்கள். கிடைக்காததைத்தான் மனிதன் மதிக்கிறான், மதிக்கிறதற்குத்தான் விலை வைக்கிறான் என்பது எல்லா ஊரிலும் ஒன்றுபோல் தோன்றியிருக்கிறது.

ஆனால் நம் ஆபீசுகளில் இந்தப் படிக்கு வழங்கிய தமிழ்ப் பெயர்கள் வேறு திசையிலிருந்து வந்தவை. எனக்குத் தெரிந்து மூன்று பெயர்கள்: கிராக்கிப்படி, பஞ்சப்படி, அகவிலைப்படி. மூன்றும் ஒரே பணம்தான். இலங்கைத் தமிழர்கள் ‘வாழ்க்கைச் செலவுப் படி’ என்பார்கள், அது நேரடியாக விளங்குகிறது. நம் மூன்றுக்கும் கொஞ்சம் கதை உண்டு.

‘கிராக்கி’ என்பது கடைவீதிச் சொல். ரிக்‌ஷாக்காரர் “காலையிலேர்ந்து ஒரு கிராக்கிகூட வரல” என்றால் சவாரி வரவில்லை என்று அர்த்தம். வெங்காயத்துக்குக் கிராக்கி என்றால் கேட்கிறவர் அதிகம், சரக்கு குறைவு. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வரமாட்டேன் என்று பிகு பண்ணுகிற சொந்தக்காரரை ‘கிராக்கி பண்ணிக்கிறார்’ என்போம். தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘கிராக்கி’ உண்டு, மராட்டியில் வாடிக்கையாளருக்கு ‘கிராக்’ என்றே பேச்சு வழக்கு. வாங்குகிறவன் என்ற பொருளுள்ள வடசொல் ‘கிராஹக’த்திலிருந்து வந்தது. வாங்குகிறவன் கூடினான், அதனால் கேட்பு கூடிற்று, அதனால் விலை கூடிற்று. ஒரு பொருளாதாரப் பாடமே அந்த ஒரு சொல்லுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது. இதைச் சொன்னவர்கள் கடைக்காரர்கள் என்பது தெளிவு. அவர்களுக்குக் கிராக்கி நல்ல செய்தி.

‘பஞ்சப்படி’ அப்படி அல்ல. அது வயிறு சொன்ன சொல். தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொன்னது 1876-78ல் வந்தது. மூன்று தலைமுறை கழித்தும் எங்கள் தெருவில் யாராவது அவசர அவசரமாகச் சாப்பிட்டால் “தாது வருஷத்துல பொறந்தவன் மாதிரி” என்பார்கள். புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறியவர்கள் அந்த நூற்றாண்டில் ஆயிரம் ஆயிரமாக ரெயூனியோனுக்கும் குவாதெலூப்புக்கும் மர்த்தினீக்குக்கும் போனார்கள். குவாதெலூப்புக்கு முதல் கப்பல் 1854 டிசம்பரில் போய்ச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகள். இவர்கள் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

1972ல் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது மூத்தவர்கள் எல்லோரும் பஞ்சப்படி என்றுதான் சொன்னார்கள். அவர்களில் ஒருவர் மட்டும், 1954க்கு முன்பே பிரெஞ்சு நிர்வாகத்தில் சேர்ந்தவர், “ஷெர்தே வந்துடுச்சா?” என்று கேட்பார். பிரெஞ்சு நிர்வாகத்தில் இதற்கு ‘அந்தெம்னித்தே த ஷெர்தே த வீ’ என்று பெயர், வாழ்க்கை விலையேற்ற ஈட்டுத்தொகை என்று பெயர்க்கலாம். அவ்வளவு நீளத்தை அவர் ஒரே சொல்லாக வெட்டிவிட்டார். எங்கள் காஷியர், ஷெர்தே என்பது யாரோ வடநாட்டுக்காரர் பெயர் என்று கொஞ்ச நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

இப்போது ‘அகவிலை’க்கு வருகிறேன். தமிழ்ப் பேரகராதியை எடுத்துப் பாருங்கள். அகவிலை என்றால் தானிய விலை. அவ்வளவுதான். ‘அகம்’ என்பதற்கு உள், வீடு, மனம் என்று நமக்குத் தெரிந்த பொருள்களோடு தானியம் என்றும் ஒரு பொருள் உண்டு. ‘அஃகம்’ என்று ஆய்த எழுத்தோடும் வரும். சின்னப் பிள்ளையில் ஆத்திசூடி மனப்பாடம் செய்தவர்கள் அந்த ‘அஃக’த்தைச் சொல்லியிருப்பீர்கள், அளவைக் குறைத்துத் தானியம் விற்காதே என்று ஔவை வியாபாரியைக் கண்டிக்கிற இடத்தில். ஆய்த எழுத்துக்கு உதாரணம் வேண்டும் என்பதற்காக மட்டும் வைத்த சொல் அது என்று நான் வெகுநாள் எண்ணியிருந்ததுண்டு.

ஆக, ஆட்சித்தமிழில் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் யாராக இருந்தாலும் விஷயம் தெரிந்தவர். ஏனென்றால் இந்தப் படி பிறந்ததே தானிய விலையில்தான். வெள்ளைக்காரன் காலத்தில், முதல் உலகப் போருக்கு முன்பே, தானிய விலை ஓர் அளவைத் தாண்டினால் கடைநிலைச் சிப்பந்திகளுக்கு ‘கிரெயின் காம்பன்சேஷன் அலவன்ஸ்’ என்று ஒன்று கொடுத்துவந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்ததற்குப் பெயர் ‘டியர் ஃபுட் அலவன்ஸ்’. பிறகு 1947ல் துணிக்கு என்று ‘டெக்ஸ்டைல் அலவன்ஸ்’ வந்தது. சோறு, அப்புறம் துணி. இவையெல்லாம் சேர்ந்துதான் பின்னால் டி.ஏ. ஆனது. தமிழ்ப் பெயர் பழைய விஷயத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது, ஆங்கிலப் பெயர் விட்டுவிட்டது.

இன்னொரு ஆச்சரியம். ரோமர்கள் விலையேற்றத்தைச் சொல்லும்போது ‘அன்னோனே காரித்தாஸ்’ என்பார்கள். அன்னோனா என்பது அந்த வருஷத்து விளைச்சல், தானியம், அதன் விலை. அதாவது எழுத்துக்கு எழுத்து அகவிலையேதான். அன்னோனா, அன்னம் என்று காதுக்கு ஒன்றுபோல் கேட்கிறதே என்று யாரும் துள்ளிக் குதிக்க வேண்டாம். லத்தீனில் ‘அன்னுஸ்’ என்றால் வருஷம், அதிலிருந்து வந்தது. நம் அன்னத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, ‘படி’? அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். பயணப்படி, வீட்டு வாடகைப்படி, மருத்துவப்படி என்று எழுதிக் கை தேய்ந்திருக்கிறது. ஆனால் படி என்பது முதலில் அளக்கிற படிதான். எங்கள் வீட்டில் பித்தளைப் பூண் போட்ட மரப்படி ஒன்று இருந்தது, அரிசிப் பானைக்குள்ளேயே கிடக்கும். கோயில்களில் சுவாமிக்கும் ஊழியம் செய்கிறவர்களுக்கும் நாள்தோறும் அளந்து தருவதற்குப் ‘படித்தரம்’ என்று பெயர். அன்றாடம் அளந்து கொடுத்த தானியம், பிறகு அதற்குப் பதிலாகக் காசு, பிறகு காசுக்கே அந்தப் பெயர். லாரி டிரைவர் வாங்குகிற ‘பேட்டா’வும் இதே வழியில் வந்ததுதான் போலிருக்கிறது. கன்னடத்தில் ‘பத்த’ என்றால் நெல், ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதிக்காரர்களும் அந்த நெல்லைத்தான் காட்டுகிறார்கள். கூலி என்பதைத் தானியம் என்று பொருள்படும் கூலத்தோடு சேர்ப்பவர்கள் உண்டு. சம்பளம் என்பது சம்பா நெல்லும் அளத்து உப்பும் என்று மேடைகளில் அடிக்கடி சொல்வார்கள். அதை மட்டும் நான் அவ்வளவாக நம்பவில்லை. வடமொழியில் ‘சம்பலம்’ என்றால் கட்டுச்சோறு, வழிச்செலவு. நமக்கு மாதக் கடைசி வரை போகிற வழிச்செலவு என்று வைத்துக்கொண்டால் அதுவும் பொருத்தம்தான்!

1967ல் பக்கத்துத் தமிழ்நாட்டுத் தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி எவ்வளவு தூரம் வேலை செய்தது என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னதும் தெரியும். பொருளாதாரப் புள்ளிவிவரம் எதையும் ஜனங்கள் கேட்கவில்லை. படி என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அகவிலைப்படி என்ற சொல்லுக்குள் ஆக இரண்டு தடவை தானியம் இருக்கிறது. விலைக்கு ஏற்ற ஜாக்பாட் அதில் எங்கும் இல்லை. இதைத்தான் கடற்கரைச் சாலை நண்பரிடம் சொல்ல வேண்டும். சம்பள உயர்வு என்பது வேறு. நேற்று நூறு ரூபாய்க்கு வாங்கியதை இன்று நூற்று மூன்று ரூபாய் கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது, அந்த மூன்று ரூபாயைப் பின்னால் கொடுக்கிறார்கள். பின்னால் என்பதை அழுத்திச் சொல்கிறேன். கணக்கு இப்படிப் போகிறது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண் என்று ஒன்றைச் சிம்லாவில் இருக்கும் லேபர் பீரோ மாதாமாதம் வெளியிடுகிறது. நாடு முழுக்க 88 மையங்களில் விலை கேட்டு எழுதுகிறார்கள், புதுச்சேரியும் அதில் ஒன்று. பன்னிரண்டு மாதச் சராசரியை எடுத்து, ஜனவரிக்கும் ஜூலைக்கும் சதவீதம் போடுகிறார்கள். ஜனவரிக்கு உரியது பெரும்பாலும் மார்ச்சில் அறிவிக்கப்படும், ஜூலைக்கு உரியது செப்டம்பரிலோ அக்டோபரிலோ. விலை முன்னால் ஓட, நாங்கள் பின்னால் நடந்து வருகிறோம். நொண்டிக்கொண்டு என்று எழுத வந்தேன், வேண்டாம், வேறு பலருக்கு அந்த நடையும் இல்லை.

நான் சேர்ந்தபோது கீழ்நிலை எழுத்தருக்கு 110-180 என்று சம்பள விகிதம். அடிப்படைச் சம்பளம் 110 ரூபாய், மற்றதெல்லாம் படிகள். மூன்றாவது ஊதியக் குழு 1973 முதல் அதை 260-400 ஆக்கியது. அப்போதைய ஏற்பாட்டில், 1960ஐ நூறாக வைத்த குறியீட்டெண் 200ஐத் தாண்டி எட்டு எட்டுப் புள்ளியாக ஏறினால் ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தவணை டி.ஏ. எங்கள் செக்‌ஷனில் சராசரியை முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்கிற ஒருவர் இருந்தார். கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல அவரிடம் போய்க் கேட்போம்.

1973ம் 74ம் மோசமான வருஷங்கள். எண்ணெய் விலை உலகமெங்கும் எகிறியது, மழையும் சரியில்லை, ரேஷன் கடையில் வரிசை. 74 மே மாதம் ரயில்வேக்காரர்களின் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, அவர்கள் கோரிக்கைகளில் பஞ்சப்படியும் உண்டு. அந்த ஜூலையில் ஓர் அவசரச் சட்டம் வந்தது. புதிதாக ஏறுகிற டி.ஏ.யில் பாதியைக் கையில் கொடுக்காமல் கட்டாய வைப்பாகப் பிடித்துக்கொள்வது என்று. கையில் பணம் அதிகமானால் விலை இன்னும் ஏறும் என்பது அரசாங்கத்தின் நியாயம். பொருளாதாரம் படித்தவர்கள் அது சரி என்பார்கள். இருக்கலாம். பிறகு தவணை தவணையாக வட்டியோடு திரும்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் என் அம்மாவுக்கு அதை விளக்க நான் பட்ட பாடு! “அரிசி விலை ஏறினதுக்குத்தானே குடுக்குறாங்க? பாதி அரிசியை இப்ப தின்னுட்டு மீதியை அஞ்சு வருஷம் கழிச்சுத் திங்கணுமாடா?” என்று கேட்டார். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிற பழக்கம் அம்மாவுக்கு உண்டு. மாதக் கடைசியில் அந்தப் பிடி அரிசி ஒரு வேளைக்கு ஆகும். சேமிப்பு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாமல் இல்லை.

அதற்குப்பின் ஏற்றமும் இறக்கமும் பார்த்தாயிற்று. 2004 ஏப்ரலில் 50 சதவீத டி.ஏ.வை அடிப்படைச் சம்பளத்தோடு சேர்த்தார்கள். 2020ல் கொரோனாவை ஒட்டி மூன்று தவணைகளை நிறுத்தி வைத்தார்கள், 2021 ஜூலையில் 17 சதவீதம் ஒரேயடியாக 28 ஆனது, இடைப்பட்ட பதினெட்டு மாதத்துக்கு நிலுவை கிடையாது. 2024 ஜனவரியில் மறுபடி 50ஐத் தொட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கு வருவது ‘படி’ இல்லை, ‘நிவாரணம்’ என்பதையும் சொல்ல வேண்டும். அகவிலை நிவாரணம். 2011 கடைசியில் தானே புயல் அடித்தபோது கொடுத்ததும் நிவாரணம்தான். தேகம் ஆட்டம் கண்ட பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான் என்று ஒரு சிநேகிதர் சொல்வார்.

என் மனதை உறுத்துகிற ஒன்று உண்டு. அந்தக் குறியீட்டெண்ணில் சாப்பாட்டுக்கு எவ்வளவு பங்கு என்று பார்த்தேன். 2001ஐ அடிப்படையாக வைத்த கணக்கில் உணவின் பங்கு 46.2 சதவீதம். 2016ஐ அடிப்படையாக வைத்த இப்போதைய கணக்கில் 39.17. குடும்பங்கள் முன்னைவிட வாடகைக்கும் படிப்புக்கும் வைத்தியத்துக்கும் அதிகம் செலவழிக்கின்றன, அதனால் குறைந்திருக்கிறது, அது நியாயம்தான். தானியத்தின் பெயரில் பிறந்த படியில் தானியம் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஆனால் இது தொழிலாளர் குடும்பத்தின் செலவுக் கூடை. எழுபத்தைந்து வயதுக்காரனின் கூடையில் அரிசி ஒரு பிடி, மாத்திரை ஒரு படி. அதற்கென்று தனிக் குறியீட்டெண் கிடையாது.

கப்பல் ஏறியவர்கள் கதைக்கு வருகிறேன் என்றேன். பிரெஞ்சில் விலைவாசிப் பிரச்சினைக்கு ‘லா வீ ஷேர்’ என்று பெயர், விலை கூடிய வாழ்க்கை. பிரான்சின் சரித்திரத்தில் அது சாதாரணச் சொல் அல்ல. 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டுப் பெண்கள் பாரிசிலிருந்து வெர்சாய் வரை நடந்து போய் ராஜாவையே அழைத்துக்கொண்டு வந்ததை நாங்கள் பாடமாகப் படித்தோம். 1911ல் வட பிரான்சில் வெண்ணெய், முட்டை விலை தாங்காமல் குடும்பப் பெண்கள் சந்தைகளில் கூடைகளைக் கவிழ்த்தார்கள். 2009ல் குவாதெலூப்பில், நம் ஊர்க் கூலிகளின் வாரிசுகளும் வாழ்கிற அந்தத் தீவில், ‘வீ ஷேர்’ருக்கு எதிராக 44 நாள் பொது வேலைநிறுத்தம் நடந்தது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு மாதம் 200 யூரோ உயர்வு என்று ஒப்பந்தமாகி முடிந்தது. 2024ல் மர்த்தினீக்கில் அதே கிளர்ச்சி. பிரான்சைவிட அங்கே சாப்பாட்டுச் சாமான்களின் விலை சுமார் 40 சதவீதம் அதிகம். வேடிக்கை என்னவென்றால் அந்தத் தீவுகளில் அரசு ஊழியர்களுக்கு ‘வீ ஷேர்’ என்றே 40 சதவீதம் கூடுதல் சம்பளம் ஐம்பதுகளிலிருந்து உண்டு. கடைக்காரன் விலை ஊழியருக்கும் கரும்பு வெட்டுகிறவருக்கும் ஒன்று. படி ஊழியருக்கு மட்டும்.

இங்கேயும் அதுதானே. எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ‘சொல்தா’ ஒருவர் இருந்தார். அவர் பென்ஷன் ஸ்லிப்பில் டி.ஏ. என்று தனி வரி கிடையாது. விலைவாசியைப் பார்த்துப் பென்ஷனையே அவ்வப்போது கூட்டிவிடுவார்கள். “உங்களுக்கு அரிசி விலையைத் தனியா எழுதிக் காட்டுறாங்க, எங்களுக்குச் சோத்தோட பிசைஞ்சு குடுத்துடுறாங்க முசியே” என்பார். அவருக்கும் எனக்கும் யாரோ ஒருவர் குறியீட்டெண்ணைப் பார்த்துக் கணக்குப் போடுகிறார்கள். அவர் வீட்டு வாசலில் கீரை விற்ற அம்மாவுக்கு யாரும் போடவில்லை.

எங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் பல வருஷமாக வருகிறார். ஒரு தடவை தலைப்புச் செய்தியை அவரே எடுத்துக் கொடுத்துவிட்டு, “சார், உங்களுக்குப் பஞ்சப்படி ஏத்திட்டாங்களாமே. பஞ்சம் உங்களுக்கு மட்டும்தானா?” என்றார். கோபமாகக் கேட்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். அகவிலை என்றால் தானிய விலை என்று அவரிடம் விளக்க முடியுமா? அவருக்குத்தான் அது என்னைவிட நன்றாகத் தெரியும், ரேஷனில் எத்தனை நாளுக்கு வருகிறது, மிச்ச நாளுக்குக் கடையில் கிலோ என்ன விலை என்று.

அன்றிலிருந்து அரசாங்கம் எங்களுக்கு எத்தனை சதவீதம் ஏற்றுகிறதோ அத்தனை சதவீதம் அவர் சம்பளத்திலும் ஏற்றுவது, நிலுவை உள்பட, என்று வீட்டில் முடிவு செய்தோம். குறிப்பேட்டில் ஜனவரி, ஜூலை என்று இரண்டு பத்தி போட்டு வைத்திருக்கிறேன், பழைய பழக்கம். சதவீதம் அறிவித்ததும் இப்போதெல்லாம் பத்திரிகை வரும்வரை அவர் காத்திருப்பதில்லை. மகன் போனில் பார்த்துச் சொல்லிவிடுகிறானாம். போன தடவை நான் காபி குடித்து முடிக்குமுன் வந்து, “சார், மூணு” என்று விரலைக் காட்டிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.